இதே மாதிரி இன்னொன்னு

பங்குனி பிறந்துவிட்டால் என் கடையில் இரண்டு வேலை சேர்ந்து நடக்கும். பகலெல்லாம் கல்யாணப் பத்திரிகை. சித்திரை, வைகாசி முகூர்த்தத்துக்கு ஆட்கள் வந்து உட்கார்ந்து, தாய்மாமன் பெயரை மேலே போடுங்கள், பெரியப்பா பெயரைக் கொஞ்சம் பெரிதாகப் போடுங்கள் என்று சொல்லச் சொல்ல அடித்துக் கொடுப்பேன். ஏழு மணிக்கு மேல் மேசையைத் துடைத்துவிட்டு, கோடை வாசிப்புக்கான புத்தகப் பட்டியலை எடுப்பேன்.

சேலம் அம்மாப்பேட்டைப் பக்கம் சின்னதாக ஒரு டிடிபி கடை வைத்திருக்கிறேன். பக்கத்துத் தெருவில் கிளை நூலகம். அதன் வாசகர் வட்டத்தில் சேர்ந்து ஏழு வருடமாகிறது. அதில் ஐந்து கோடைக்குப் பிள்ளைகளுக்கான புத்தகங்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு நூலகர் சாருக்கும் எனக்கும்தான். ஏப்ரல் கடைசியில் பரீட்சை முடிந்து ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும் வரை, சாயங்கால நேரத்தில் பிள்ளைகள் வருவார்கள். கொஞ்ச நேரம் நாங்கள் வாசித்துக் காட்டுவோம், அப்புறம் அவர்களே எடுத்துப் படிப்பார்கள், வீட்டுக்கும் கொண்டுபோவார்கள். அவ்வளவுதான் நிகழ்ச்சி. பரிசு, சான்றிதழ் எதுவும் கிடையாது.

தெரிந்தவர்கள் என்னைக் கேட்பது ஒரே கேள்விதான்: பிள்ளைக்கு என்ன புத்தகம் கொடுத்தால் படிக்க ஆரம்பிக்கும்? நான் சொல்லும் பதில் அவர்களுக்குக் கொஞ்சம் விநோதமாக இருக்கும். முதல் புத்தகத்தைப் பற்றி அவ்வளவு யோசிக்காதீர்கள். இரண்டாவது புத்தகத்தை முதலில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அது கையில் இருந்தால் மட்டும் முதலாவதைக் கொடுங்கள். இதை நான் ஒரு பையனிடம் தவறு செய்துதான் கற்றுக்கொண்டேன்.

முதல் கோடையில் எங்களிடம் இருந்தது 9,000 ரூபாய். அரசு நூலகத்துக்கு வரும் புத்தகங்களைப் பெரும்பாலும் சென்னையில் பொது நூலக இயக்ககம்தான் வாங்கி அனுப்பும். வீட்டு வரி கட்டும்போது ரூபாய்க்கு 10 பைசா நூலக வரி என்று சேர்த்துக் கட்டுகிறோமே, நூலகங்கள் பெரும்பாலும் அந்தப் பணத்தில்தான் நடக்கின்றன. 1948-இல் சுதந்திர இந்தியாவிலேயே முதலாவதாக நம் மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. அந்தச் சட்டம் கொடுத்த வரி அது. நல்ல புத்தகங்கள் வரத்தான் செய்கின்றன. ஆனால் இன்ன தெருப் பிள்ளைக்கு இன்ன புத்தகம் என்று பார்த்து வாங்க வேண்டுமென்றால், நாங்கள்தான் வசூல் செய்ய வேண்டும். 1,000 ரூபாய் கட்டிப் புரவலரானவர்கள், மளிகைக் கடைக்காரர், இரண்டு ஜவுளிக்கடை முதலாளிகள் என்று போய்க் கேட்டு அந்தத் தொகை சேர்ந்தது.

அதில் பாதிக்கு மேல் வீணாக்கினோம். ஒரு விற்பனையாளர் நீதிக்கதைப் புத்தகங்களைக் கட்டாகக் கட்டி, பாதி விலைக்குத் தருகிறேன் என்றார். ஐம்பது புத்தகம், பளபளப்பான அட்டை. ஆசைப்பட்டு வாங்கினோம். கதை எதுவாக இருந்தாலும் கடைசி வரியில் ‘நீதி’ என்று ஒரு கட்டம் இருந்தது. மீதிப் பணத்துக்கு நான் பிடிவாதம் பிடித்துத் தலைவர்கள் வரலாறு வாங்க வைத்தேன். என் அப்பா எனக்கு வாங்கித் தந்தது அந்த மாதிரிப் புத்தகங்கள்தான். ஜூன் மாதம் அடுக்கும்போது பார்த்தால், பின்னட்டைக்கு முன்னால் ஒட்டியிருந்த தேதிச் சீட்டுகள் பலவற்றில் ஒரு முத்திரைகூட இல்லை.

அந்தக் கோடையில் ஒரு பையன் வந்தான். விசைத்தறி வீட்டுப் பிள்ளை, ஆறாம் வகுப்பு முடித்தவன். தறிக்கு நூலைத் தாராகச் சுற்றி வைத்துவிட்டு வருவான். சட்டையில் நூல் பிசிறு ஒட்டியிருக்கும். எங்கள் தெருவில் தறிச் சத்தம் ஓயாது, அதனால் எல்லாப் பிள்ளைகளுமே சத்தமாகத்தான் பேசுவார்கள். இவன் மட்டும் மெதுவாகப் பேசுவான். நூலகத்தில் ஏற்கெனவே இருந்த ஒரு பழைய புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனான். காணாமல் போன சைக்கிளை மூன்று பிள்ளைகள் தேடிக் கண்டுபிடிக்கிற கதை, 48 பக்கம். மறுநாளே கொண்டுவந்துவிட்டான். மேசைக்கு முன்னால் நின்றுகொண்டு, “அக்கா, இதே மாதிரி இன்னொன்னு இருக்குதுங்களா?” என்றான்.

என்னிடம் இல்லை. இல்லையென்று சொல்லியிருக்கலாம், இரு கண்ணு தேடிப் பார்க்கிறேன் என்றும் சொல்லியிருக்கலாம். நான் என்ன செய்தேன் என்றால், இவ்வளவு வேகமாகப் படிக்கிற பிள்ளைக்கு நல்லதாக ஒன்று கொடுப்போம் என்று நினைத்து, 160 பக்கத் தலைவர் வரலாறு ஒன்றை எடுத்து நீட்டினேன். மறுபேச்சுப் பேசாமல் வாங்கிக்கொண்டான். அட்டையை ஒரு தரம் பார்த்தான், அப்புறம் பக்க எண் எவ்வளவு என்று கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தான். அந்தத் திருப்பலை என்னால் மறக்க முடியவில்லை. அதற்குப் பிறகு அவன் வரவில்லை. ஜூன் முதல் வாரம் அவன் தங்கச்சி வந்து புத்தகத்தைக் கொடுத்துவிட்டுப் போனது. அடுத்த வருடம் மாம்பழ சீசனில் கடைவீதியில் ஒரு தள்ளுவண்டி பக்கத்தில் நின்றிருந்தான். என்னைப் பார்த்துச் சிரித்தான். நூலகத்தைப் பற்றி அவனும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

நூலகர் சாரிடம் இதைச் சொன்னபோது அவர் ரங்கநாதனை எடுத்தார். எதற்கும் அவர் ரங்கநாதனிடம்தான் போவார். சீர்காழிக்காரர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் எழுதிய ஐந்து விதிகளில், ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் என்று ஒன்று, ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர் என்று அடுத்தது. “நாம ரெண்டையும் ஒரு தடவைக்குத்தான்னு நினைச்சுக்கறோம்மா. அந்தப் பையன் முதல் நாள் ஒரு வாசகன். மறுநாள் திரும்பி வந்தப்ப அவன் வேற வாசகன். அவனுக்கு உண்டான புத்தகம் நம்மகிட்ட இல்லை” என்றார்.

அதிலிருந்து நாங்கள் தனிப் புத்தகம் வாங்குவதில்லை. ஜோடியாகத்தான் வாங்குகிறோம். ஒன்று படித்துவிட்டு வருகிற பிள்ளைக்கு உடனே நீட்ட இன்னொன்று இல்லையென்றால், முதலாவது எவ்வளவு நல்ல புத்தகமாக இருந்தாலும் அந்த வருடப் பட்டியலில் சேர்வதில்லை. ஒரே ஆள் வருகிற தொடர் கதையாக இருந்தால் வேலை சுலபம். இல்லாவிட்டால் எந்தக் காரணத்துக்காக ஒரு பிள்ளைக்கு இது பிடிக்கும் என்று யோசிக்க வேண்டும். பேய்க்காகப் பிடித்ததா, அந்தப் பேய் கடைசியில் அழுததற்காகப் பிடித்ததா? இரண்டுக்கும் அடுத்த புத்தகம் வேறு வேறு. இந்த யோசனைக்குத்தான் எங்கள் பங்குனி மாதம் முழுக்கப் போகிறது. யோசித்து முடித்ததும் தேதிச் சீட்டுக்குக் கீழே பென்சிலில் ‘அடுத்தது’ என்று எழுதி, அந்த இரண்டாவது புத்தகத்தின் பெயரைக் குறித்து வைப்போம்.

புத்தகத் திருவிழாவில் வாங்கும்போதே நாங்கள் அங்கேயே நின்று ஒரு பக்கத்தை வாய்விட்டு வாசிப்போம். அங்கே கிடைக்கிற பத்து சதவிகிதத் தள்ளுபடியைவிட எனக்கு அந்த வாசிப்புதான் லாபம். மனதுக்குள் படித்தால் எந்தப் புத்தகமும் நன்றாகத்தான் இருக்கிறது. வாய்விட்டு வாசித்தால் மொழிபெயர்ப்பின் முடிச்செல்லாம் நாக்கில் தட்டும். என் நாக்கே தடுக்கும் இடத்தில் எட்டு வயதுப் பிள்ளை என்ன செய்யும்?

இதை ஒரு சொல்லை வைத்துச் சொல்கிறேன். இரண்டாம் வகுப்பு முடித்த ஒரு பெண் குழந்தை என் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தது. சின்னக் கதைதான். ‘சொல்லிக்கொண்டிருந்தான்’ என்று ஒரு சொல் வந்தது. பதினொரு எழுத்து. விரலை வைத்துக்கொண்டு, சொல்... லி... சொல்லிக்... கொண்... என்று போய், ‘டிருந்தான்’ வருவதற்குள் அந்த வரி முடிந்துவிட்டது. மூச்சு வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்து, “யாருங்க அக்கா சொன்னாங்க?” என்று கேட்டது. எழுத்தெல்லாம் சரியாகத்தான் வாசித்தது. ஆனால் சொல்லின் கடைசிக்குப் போவதற்குள் கதை கையை விட்டுப் போய்விட்டது. அதே இடத்தில் ‘சொன்னான்’ என்று இருந்திருந்தால் ஒரே மூச்சு.

தமிழில் பிள்ளைகளுக்குப் புத்தகம் எடுக்கும்போது கடினமான சொல் எது என்று பார்ப்பதைவிட நீளமான சொல் எது என்று பார்க்க வேண்டும் என்பது என் அனுபவம். நூலகர்கள் சொல்லும் ஐந்து விரல் கணக்கு ஒன்று உண்டு. ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லி, தடுக்கும் சொல்லுக்கெல்லாம் ஒவ்வொரு விரலாக மடக்கச் சொல்வது. ஐந்தும் மடங்கிவிட்டால் அந்தப் புத்தகம் இப்போதைக்கு வேண்டாம். நம் மொழிக்கு ஐந்து அதிகம். மூன்று விரல் மடங்கினாலே அந்தப் பிள்ளை கதையை விட்டுவிட்டது என்று அர்த்தம். நான் மூன்றோடு நிறுத்திவிடுகிறேன்.

என் தொழில் அச்சுத் தொழில் என்பதால் எழுத்தைப் பார்க்காமல் இருக்க முடியாது. ஆரம்ப வாசகருக்கு எழுத்தின் அளவு 18 பாயிண்டுக்குக் குறைந்தால் எனக்கு ஒப்பாது. வலது ஓரம் ஒரே நேராக இருக்க வேண்டும் என்று வரியை இழுத்துப் பிடிக்கிற பழக்கம் பெரியவர்கள் புத்தகத்துக்குச் சரி. பிள்ளைகள் புத்தகத்தில் அப்படிச் செய்தால் சொல்லுக்குச் சொல் இடைவெளி ஒருபக்கம் குளமாகவும் ஒருபக்கம் வாய்க்காலாகவும் கிடக்கும். போதாததற்கு நீளச் சொல் வரிக் கடைசியில் உடைந்து பாதி கீழே போகும். ஓரம் மேடும் பள்ளமுமாக இருக்கட்டும், சொல் முழுசாக இருக்கட்டும். படத்தின் மேலேயே எழுத்தை ஏற்றி, கரும்பச்சை இலை மேல் கறுப்பு எழுத்து வைக்கிற புத்தகங்களையும் நான் எடுப்பதில்லை, படம் எவ்வளவு அழகாக இருந்தாலும்.

பழைய புத்தகங்களில் இன்னொரு சிக்கல். எங்கள் நூலகத்தில் குழந்தைகள் கலைக்களஞ்சியத்தின் சில தொகுதிகள் இருக்கின்றன. பெ. தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1968-இலிருந்து 1976 வரை பத்துத் தொகுதியாக வந்தது. தூரன் நம் கொங்குப் பக்கத்துக்காரர். இன்றைக்கும் அதைப் புரட்டினால் பிள்ளைகளுக்காக எவ்வளவு பாடுபட்டிருக்கிறார்கள் என்று நெஞ்சு நிறைந்துபோகும். ஆனால் 1978-இல் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முந்தைய அச்சு. ணை, லை, னை எல்லாம் யானைத் துதிக்கை மாதிரி ஒரு வளைவு வைத்து இருக்கும். இன்றைய பிள்ளை ‘யானை’ என்ற சொல்லிலேயே நின்றுவிடும். கோடைப் பட்டியலில் சேர்க்க முடியாது என்று ஒதுக்கி வைத்திருந்தேன். ஒரு சாயங்காலம் ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் அதை இழுத்துப் போட்டுக்கொண்டு, இது ரகசிய எழுத்து என்று மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தான். துதிக்கையை அவனே கண்டுபிடித்திருந்தான். அப்புறம் நான் ஒரு தாளில் பழைய எழுத்தையும் புதிய எழுத்தையும் எதிரெதிரே அடித்து, அந்தத் தொகுதிக்குள் செருகி வைத்தேன்.

எனக்கு மிகவும் கஷ்டமான தேர்வு ஒன்று உண்டு. இங்கிலீஷ் மீடியத்தில் படிக்கும் பிள்ளைகள். வயது பதினொன்று, பன்னிரண்டு. தமிழ் வாசிப்பு மட்டும் இரண்டாம் வகுப்பு அளவில் நிற்கும். அவர்களிடம் முயல் ஆமைப் படப்புத்தகத்தைக் கொடுத்தால் அவமானப்பட்டுக் கீழே வைத்துவிடுவார்கள், நியாயம்தானே. அவர்களுக்கு வேண்டியது வரி சின்னதாகவும் விஷயம் பெரிதாகவும் இருக்கிற புத்தகம். பாம்பு, கிரிக்கெட், பேய், ராக்கெட், கொள்ளைக்காரன். தமிழில் இந்த இடத்தில் புத்தகம் மிகக் குறைவு. விடுகதைப் புத்தகங்கள்தான் எங்களைக் காப்பாற்றுகின்றன. விடுகதை இரண்டே வரி. ஆனால் வீட்டுக்குப் போய் அப்பாவை மடக்கலாம். மடக்க வேண்டுமென்றால் தடங்காமல் வாசிக்க வேண்டும், அதற்காகவே பத்துத் தரம் வாசித்துப் பழகுவார்கள். இந்த வயதுக்கு எழுதுகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து இன்னும் எழுதுங்கள். வாங்குவதற்குப் பணம் திரட்டிக்கொண்டு காத்திருக்கிறோம்.

சில அம்மாக்கள் வந்து இங்கிலீஷ் புத்தகம் இருந்தால் மட்டும் கொடுங்கள் என்பார்கள். இருக்கிறது, கொடுப்போம். கூடவே ஒரு தமிழ்ப் புத்தகத்தையும் வைத்துக் கொடுப்பேன். இதைப் பற்றி அவர்களோடு நான் வாதாடுவதில்லை.

அரசுப் பள்ளிப் பிள்ளைகள் நிலைமை வேறு. வாசிப்பு இயக்கம் வந்த பிறகு நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிநிலையில் சின்னச் சின்னப் புத்தகங்களைப் பள்ளியிலேயே பார்த்திருக்கிறார்கள். “நான் ‘ஓடு’ முடிச்சுட்டேன் அக்கா” என்று வந்து நிற்பார்கள். கேட்கவே சந்தோஷமாக இருக்கும். பள்ளியில் படித்ததையே நூலகத்திலும் கொடுத்தால் முகம் வாடிவிடும் என்பதால், அந்தப் புத்தகங்கள் என்னென்ன என்று தெரிந்துகொண்டு, அதற்கு அடுத்த படியில் நிற்கிறவற்றைத் தேடுகிறோம்.

மூன்றாவது கோடையில்தான் பிரதியைப் பற்றிப் புரிந்தது. அதுவரை 60 புத்தகம் என்றால் 60 விதமாக வாங்குவோம். அகலமாக இருக்கட்டும் என்று நினைப்பு. ஆனால் பிள்ளைகள் கூட்டாளி படித்ததைத்தான் படிப்பார்கள். மூன்று பெண்கள் ஒரே புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு, நடுவில் இருப்பவள் வாசிக்க, இரண்டு பக்கமும் இரண்டு தலை சாய்ந்து, பக்கம் திருப்பும்போதெல்லாம் இருடி, இன்னும் முடிக்கலை என்று சண்டை. அவர்களுக்கு வேண்டியது மூன்று வகைப் புத்தகமில்லை, ஒரே புத்தகம் மூன்று பிரதி. இப்போது பத்து ஜோடிகளுக்கு ஆறாறு பிரதி வைத்திருக்கிறோம். ஒரே தெருவில் ஆறு வீட்டில் ஒரே வாரம் ஒரே கதை போனால், அதைப் பற்றிய பேச்சு தானாகக் கிளம்பிவிடுகிறது.

இதற்கு என் கடை உதவியது. பிரதம் புக்ஸ் 2015-இல் ஆரம்பித்த ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழிலும் நிறையப் படக்கதைகள் இருக்கின்றன; படிநிலை பிரித்திருக்கிறார்கள். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் என்பதால் இறக்கி அச்சடித்துக்கொள்ளலாம். எழுதியவர், வரைந்தவர், மொழிபெயர்த்தவர் பெயர்களையும் உரிமக் குறிப்பையும் விடாமல் போட வேண்டும். நான்கு தாள் இரண்டு பக்கமும் அடித்து, மடித்து, நடுவில் பின் அடித்தால் பதினாறு பக்கப் புத்தகம் தயார். அங்கேயும் வாய்விட்டு வாசிக்கும் சோதனை உண்டு. தமிழ் தன் காலில் நடக்கிற கதைகளை மட்டும் எடுப்பேன். மற்றபடி சிறிய விலைக்கு நேஷனல் புக் டிரஸ்ட் புத்தகங்கள் கை கொடுக்கின்றன. சின்னக் குழந்தைகளுக்கு அழ. வள்ளியப்பாவின் பாட்டுகள் எப்போதும் உண்டு. பாட்டென்றால் காது முன்னால் ஓடும், கண் பின்னாலேயே ஓடிப் பிடித்துக்கொள்ளும். வாசிக்கத் தடங்கும் குழந்தைக்கு அதைவிடப் பெரிய துணை எனக்குத் தெரியவில்லை.

காமிக்ஸ் வைப்பதா வேண்டாமா என்று வாசகர் வட்டத்தில் ஒரு மாலை முழுக்கப் பேச்சு நடந்தது. பெரியவர் ஒருவர், தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், படம் பார்ப்பது வாசிப்பாகுமா என்று கேட்டார். அவர்மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனாலும் இதில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. சிவகாசியிலிருந்து 1972-இல் முத்து காமிக்ஸ் வர ஆரம்பித்தது. எங்கள் வீட்டில் என் அண்ணன்கள் அதைப் படித்துத்தான் தமிழ் எழுத்தில் வேகம் பிடித்தார்கள். பேச்சு வரி சின்னது, சொல் உடையாது, யார் சொன்னது என்ற குழப்பம் கிடையாது, ஏனென்றால் சொன்னவன் படத்தில் நிற்கிறான். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒன்று முடித்தால் இன்னொன்று இருக்கிறது என்று அந்தப் பிள்ளைக்கே தெரியும். நாங்கள் பென்சிலில் ‘அடுத்தது’ எழுதவே வேண்டியதில்லை. “ஐயா, நீங்களே ஒன்றை வாசித்துப் பார்த்துச் சொல்லுங்கள்” என்று ஒரு கட்டைக் கொடுத்தேன். வயதுக்கு ஒவ்வாதது என்று இரண்டை எடுத்துவிட்டு, மீதியை வைக்கலாம் என்று அடுத்த வாரம் கொண்டுவந்தார். அந்த இரண்டைப் பற்றி அவர் சொன்னது சரிதான்.

எங்கள் நூலகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. அதனால் வியாழன் சாயங்காலம் கூட்டம் அதிகம். ஜோடியாக எடுத்து வைக்கும் பழக்கம் அன்றைக்குத்தான் கை கொடுக்கும், இரண்டையும் சேர்த்தே கொடுத்துவிடலாம்.

ஞாயிற்றுக்கிழமை நான் மலைக்குப் போவேன். ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டில் கணக்கு எழுதும் சிநேகிதி ஒருத்தி, அவள் ஊர்ப் பக்கத்து மலைக்கிராமத்தில் பிள்ளைகளைக் கூட்டி வைக்கிறேன் என்றாள். நூலகப் புத்தகத்தை அப்படி எடுத்துப் போக முடியாது. எங்கள் கடையில் அச்சடித்தவையும் வாசகர் வட்டத்தின் சொந்தப் பிரதிகளும்தான் போகும். இரண்டு கட்டைப் பை. இருபது கொண்டை ஊசி வளைவிலும் ஒரு பையை மடியிலும் இன்னொன்றைக் காலுக்கு நடுவிலும் பிடித்துக்கொண்டு போவேன். மன்னார்குடி பக்கம் மேலவாசலில் 1931-இல் மாட்டுவண்டியில் நூலகம் கிளம்பிய கதையை நூலகர் சார் அடிக்கடி சொல்வார். அந்த வண்டிக்காரரை நினைத்துக்கொள்வேன், பை லேசாகிவிடும்.

மலைப் பிள்ளைகளுக்கு என்று நான் முதலில் எடுத்துப் போனதெல்லாம் காட்டுப் புத்தகங்கள். மரம், பறவை, யானை, காட்டெருமை. அவர்கள் உலகம் அதுதானே என்று நினைத்தேன். பஞ்சாயத்து டிவி ரூம் திண்ணையில் புத்தகங்களைப் பரப்பி வைத்தேன். ஒன்பது வயதுப் பையன் ஒருவன் காட்டெருமைப் படக்கதையைத் திருப்பிக்கொண்டே வந்து, ஒரு பக்கத்தில் விரலை வைத்து நின்றான். “மிஸ், இது தப்புங்க.” என்ன தப்பு என்றேன். “இதுக்கு முட்டிக்குக் கீழ வெள்ளையா இருக்கோணும். காலுறை போட்ட மாதிரி. இது முழுக்கக் கறுப்பா வரஞ்சிருக்காங்க.” அவன் தினமும் விடிகாலையில் காபிச் செடிக்கு நடுவில் பார்க்கிற விலங்கு. வரைந்தவர் பார்க்கவில்லை, தேர்ந்தெடுத்த நானும் பார்க்கவில்லை. அவன் புத்தகத்தை மூடி, அலுங்காமல் அடுக்கின் அடியில் வைத்துவிட்டான். அன்றைக்கு வேறெதையும் எடுக்கவில்லை.

அதே திண்ணையில் ஒரு பெண், ஏழாம் வகுப்பு இருக்கும், ரயிலைப் பற்றி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டது. சேர்வராயன் மலையில் ரயில் ஏது? ராத்திரியில் மலை விளிம்பில் நின்றால் கீழே சேலம் முழுக்க விளக்காகத் தெரியும். “அந்த வெளிச்சத்துல நகர்றது ரயிலுங்களா, லாரிங்களா மிஸ்? எங்கண்ணன் லாரிங்கறான்.” என் பையில் இருபத்தெட்டு புத்தகம் இருந்தது, ஒன்றில்கூட ரயில் இல்லை. மலையில் இருக்கிறவர்களுக்கு மலையையே கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன். அம்மாப்பேட்டைப் பிள்ளைகளுக்குத் தறியைப் பற்றி ஒரு புத்தகமும் நான் எடுத்து வைத்ததில்லை, அவர்களும் கேட்டதில்லை. கீழே செய்யாததை மேலே ஏன் செய்தேன் என்று இறங்கும்போது எல்லா வளைவிலும் யோசித்துக்கொண்டு வந்தேன்.

அடுத்த ஞாயிறு ரயில் புத்தகம் இரண்டு போயின. இப்போது மலைக்கு எடுக்கும் பையில் கடல், ரயில், பெரிய ஊர், சர்க்கஸ் எல்லாம் இருக்கும். காட்டுப் புத்தகமும் இருக்கும், ஆனால் எடுப்பதற்கு முன் என் சிநேகிதியிடம் படங்களை அனுப்பி, அங்கே யாராவது பெரியவர் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான். மே மாதத்தில் சேர்வராயன் கோயில் திருவிழா வரும் வாரம் நான் போவதில்லை. ஒரு பிள்ளையும் ஊரில் இருக்காது, இருக்கவும் வேண்டாம்.

போன கோடை முடிந்து புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தோம். தேதிச் சீட்டுகளைப் பார்ப்பது எனக்குப் பிடித்த வேலை. ஒரு துப்பறியும் கதையின் சீட்டில் நாங்கள் ‘அடுத்தது’ என்று எழுதியிருந்த பெயரை யாரோ கோடு போட்டு அடித்திருந்தார்கள். கீழே, கோணல்மாணலான எழுத்தில், வேறொரு புத்தகத்தின் பெயர். அதற்கும் கீழே இன்னொரு கையெழுத்தில், ‘இதைவிட பேய் கதை 2 நல்லா இருக்கும்’ என்று இருந்தது. நூலகர் சாரிடம் நீட்டினேன். நூலகப் புத்தகத்தில் கிறுக்கக் கூடாது என்று முப்பது வருடமாகச் சொல்லி வருபவர். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் வாசித்தார். உள்ளே போய் அலமாரியிலிருந்து அந்தப் பேய்க் கதையை எடுத்துவந்து, அதன் சீட்டையும் திருப்பிப் பார்த்தார். அதில் ‘அடுத்தது’ என்ற இடம் நாங்களே காலியாக விட்டது. அங்கேயும் ஒரு பெயர் எழுதியிருந்தது.

இந்த வருடம் சீட்டு அடிக்கும்போது அந்தக் கட்டத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி, நான்கு வரி இடம் விட்டிருக்கிறேன். மேசையோரம் தறி நூலில் கட்டி ஒரு பென்சில் தொங்குகிறது.